எத்தனை ஏக்கர்? - வேளாண்மைக் கல்லூரியும் நம் பிள்ளைகளும்

வேளாண்மைக் கல்லூரியில் யாரும் சாதி கேட்க மாட்டார்கள். ஏக்கர் கேட்பார்கள்.

'தம்பி எந்த ஊரு? அப்பா என்ன பண்றாரு? விவசாயமா, எத்தனை ஏக்கர்? கிணத்துப் பாசனமா, ஆத்துப் பாசனமா?' இந்த நாலு கேள்வியோடு சங்கதி முடிந்துபோகும். மற்ற கல்லூரிகளில் நம் பிள்ளையின் சாதியைத் தெரிந்துகொள்ள உதவித்தொகைப் பட்டியலைத் துழாவ வேண்டும். கலந்தாய்வு மதிப்பெண்ணை நோண்ட வேண்டும். இங்கே அந்தச் சிரமம் இல்லை. 'பன்னிரண்டு ஏக்கர் சார், தென்னையும் மஞ்சளும்' என்கிறவன் யார், 'சொந்த நிலம் இல்ல சார், அப்பா கூலிக்குப் போறாரு' என்கிறவன் யார் என்பது கேட்கிறவருக்கும் தெரியும், வகுப்பில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். நிலமில்லாத ஏழைகள் எல்லாச் சாதியிலும் இருக்கிறார்கள்தான். ஆனால் நிலம் வைத்திருக்கவே கூடாது என்று தலைமுறை தலைமுறையாக விதித்து வைக்கப்பட்டவர்கள் சேரியில் இருக்கிறார்கள். ஏக்கர் என்பது சாதிக்கு வைத்த மரியாதையான பெயர்.

இது தெரிந்துகொண்டேதான் கேட்கிறேன். நம் பிள்ளைகள் வேளாண்மைக் கல்லூரிக்குப் போக வேண்டுமா? போக வேண்டும் என்பதே என் கட்சி. இன்னும் நிறையப் பேர் போக வேண்டும். எதற்காகப் போகிறோம் என்பதை நமக்குள் பேசித் தீர்த்துக்கொண்டு போக வேண்டும். அதைப் பேசாமல் போகிற பிள்ளை நாலு வருசம் தலையைக் குனிந்துகொண்டு படித்துவிட்டு, கடைசியில் பண்ணையாருக்கு நல்ல விதை எடுத்துக் கொடுக்கிற படித்த பண்ணையாளாக வெளியே வருவான். அப்படி ஆகக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் எதிர்ப்பு வெளியிலிருந்து வருவதில்லை. வீட்டுக்குள்ளிருந்து வருகிறது. 'ஏலே, நானும் உங்க ஆத்தாளும் சேத்துல கெடந்து செத்தது போதாதா? நீயும் படிச்சுப்புட்டு மறுபடி மம்பட்டியத்தான் தூக்கணுமா? டாக்டருக்குப் படி, வக்கீலுக்குப் படி. ஒண்ணுமில்லன்னா போலீசுக்காவது போ.' கலந்தாய்வுக்குக் கிளம்புகிற எத்தனையோ பிள்ளைகள் இந்தப் பேச்சைக் கேட்டிருப்பார்கள்.

இதை அறியாமை என்று சொல்கிறவன் சேற்றில் இறங்காதவன். இந்தப் பேச்சுக்குள் ஒரு முழு அரசியல் இருக்கிறது. கிராமத்தைப் பொன்னே மணியே என்று எல்லோரும் கொண்டாடிக்கொண்டிருந்தபோது, 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எழுந்து நின்று, அது குறுகிய புத்தியின் குட்டை, வகுப்புவாதத்தின் கூடு என்று அம்பேத்கர் போட்டு உடைத்தாரே, அந்த அரசியல். கூலிக்குக் கூப்பிட்டால் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுத் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் பஸ் ஏறிய ஒவ்வொரு ஆளும் கொடி பிடிக்காமல் ஒரு வேலைநிறுத்தம் செய்திருக்கிறார். நம் அப்பன் ஆத்தாள் சொல்வது அந்த வேலைநிறுத்தத்தின் கோஷம். அதற்குத் தலைவணங்க வேண்டும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சேற்றை விட்டு நாம் வந்தோம். நிலத்தை விட்டு அவன் போகவில்லை. நிலம் அவன் கையில் இருக்கிறது. நிலத்தைக் காட்டி வாங்குகிற கூட்டுறவுக் கடன், கிணற்றுக்கு இலவச மின்சாரம், பயிர்க் காப்பீடு, கொள்முதல் நிலையத்தில் மூட்டை போடுகிற உரிமை, ஏரி மீன் குத்தகை, பால் சொசைட்டித் தலைவர் பதவி எல்லாம் அவன் கையில் இருக்கின்றன. 2021 பிப்ரவரியில் தமிழக அரசு 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. நல்லது. கடன் இருந்தவனுக்குத்தான் தள்ளுபடி. நிலத்துப் பத்திரம் இருந்தவனுக்குத்தான் கடன். அந்த நிலத்தில் நாற்று நட்ட நம் அத்தைமார்கள் சுயஉதவிக் குழுவிலும் கந்துவட்டிக்காரனிடமும் வாங்கிய கடனை யார் தள்ளுபடி செய்தார்கள்?

யார் விவசாயி? வேளாண்மைக் கல்லூரியைப் பற்றிய விவாதம் இந்தக் கேள்வியில்தான் தொடங்க வேண்டும். உழுதவன், நட்டவள், களை பறித்தவள், அறுத்தவன், தூற்றியவள் எல்லாம் விவசாயி இல்லையாம். பட்டா வைத்திருப்பவன் விவசாயியாம். அவன் டவுனில் நகைக்கடை வைத்திருந்தாலும் விவசாயி. 2007ல் ஒன்றிய அரசு வெளியிட்ட தேசிய விவசாயிகள் கொள்கை, விவசாயி என்ற சொல்லுக்குள் கூலித் தொழிலாளியையும் குத்தகைதாரரையும் வாரக்காரரையும் சேர்த்து எழுதியது. எழுதியதோடு சரி. 2019ல் பிரதமரின் கிசான் திட்டம் ஆண்டுக்கு 6,000 ரூபாய் என்று வந்தபோது, நிலம் பேரில் இருக்கிற குடும்பத்துக்கு மட்டும்தான் என்றார்கள். காகிதத்தில் விவசாயியாக்கினார்கள். காசு கொடுக்கும்போது கூலியாளாக்கிவிட்டார்கள்.

பாடப்புத்தகத்தைத் திறந்து பாருங்கள். அங்கேயும் இதே வேலைதான். பயிர், மண், நீர், பூச்சி, நோய், இயந்திரம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு துறை இருக்கிறது. உழைக்கிற மனிதருக்குத் துறை இல்லை. அவர் எங்கே வருகிறார் என்றால், பண்ணைப் பொருளாதாரத்தில் 'சாகுபடிச் செலவு' என்ற பட்டியலில் வருகிறார். உரத்துக்கு இவ்வளவு, மருந்துக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு. அந்தப் பட்டியலிலும் பெண் முழு ஆளாக வருவதில்லை. மூன்று பெண் நாளை இரண்டு ஆண் நாளாகச் சுருக்கிக் கணக்கெழுதுகிற வழக்கம் ஒன்று இருக்கிறது. காலையில் இருந்து முதுகை நிமிர்த்தாமல் நடுகிற வேலையை எந்த ஆண் செய்கிறான்? நடவுக்கு ஆணே இறங்காத வயலில் நட்டவளை முக்கால் ஆளுக்கும் கீழே குறைத்து எழுதுகிறவர்களுக்குப் பெயர் விஞ்ஞானிகள்.

இன்னொரு சொல் இருக்கிறது: 'ஆள் பற்றாக்குறை'. எந்த ஆய்வறிக்கையைப் புரட்டினாலும், விவசாயிகள் சந்திக்கும் பிரச்சினைகள் என்ற பட்டியலில் மேலே நிற்பது இதுதான். நம் பையனும் இதை மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதி மார்க் வாங்குகிறான். அவன் அப்பா பண்ணை வேலைக்குப் போகாமல் கட்டட வேலைக்குப் போய் அவனைப் படிக்க வைத்தாரே, அதற்குப் பெயர்தான் ஆள் பற்றாக்குறை. அவன் கல்லூரியில் வந்து உட்கார்ந்திருக்கிறானே, அதுவும் ஆள் பற்றாக்குறை. 2005ல் நூறு நாள் வேலைச் சட்டம் வந்தபோது 'ஆளெல்லாம் சோம்பேறியாயிட்டான், விவசாயம் அழிஞ்சுபோச்சு' என்று ஒப்பாரி வைத்தார்கள். சொன்ன கூலிக்குச் சொன்ன நேரத்தில் கைகட்டி வந்து நிற்க ஆளில்லை என்பதே அந்த ஒப்பாரியின் பொருள். நம் விடுதலை அவர்கள் பாடத்திட்டத்தில் ஒரு பிரச்சினை.

பூச்சிமருந்துப் பாடம் இன்னும் வேடிக்கை. மருந்து தெளிப்பவர் கையுறை போட வேண்டும், முகக்கவசம் கட்ட வேண்டும், காற்றுக்கு எதிரே நின்று அடிக்கக் கூடாது, தெளித்து முடித்ததும் குளிக்க வேண்டும். எல்லாம் சரி. தெளிப்பவர் யார் என்று புத்தகம் சொல்வதில்லை. துண்டை வாயில் கட்டிக்கொண்டு, வெறுங்கையால் மருந்தைக் கலக்கி, தெளிப்பானை முதுகில் ஏற்றுகிற கூலியாள் அவர். கையுறை வாங்க வேண்டியவர் நிலத்துக்காரர். அவரைக் கட்டாயப்படுத்துகிற பாடம் எது? 2017ல் மராட்டியத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அதில் கூலிக்குத் தெளித்தவர்கள் நிறையப் பேர். பயிரைக் காப்பாற்றுவதற்குத்தான் பயிர்ப் பாதுகாப்புத் துறை. ஆளைப் பாதுகாக்கத் துறை கிடையாது.

இது இன்றைக்கு வந்த கோளாறில்லை. 1868ல் சென்னை சைதாப்பேட்டையில் விவசாயப் பள்ளி தொடங்கினார்கள். அது 1906ல் கோவைக்குப் போனது, கல்லூரியானது, 1971ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமானது. 1912ல் கோவையில் கரும்பு ஆராய்ச்சி, நெல் ஆராய்ச்சி. 1922ல் ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம். இந்த மண்ணின் நெல்லையும் கரும்பையும் பருத்தியையும் உலகமே பார்க்கும்படி ஆராய்ந்த இடங்கள் இவை. அதை மறுக்கவில்லை. ஆனால் பள்ளி தொடங்கி இருபது வருசத்துக்கு மேல் ஆன பிறகும் சைதாப்பேட்டையை ஒட்டிய செங்கல்பட்டு ஜில்லாவில் பறையர் நிலை என்ன? 1891ல் அங்கே கலெக்டர் பொறுப்பில் இருந்த திரமென்ஹீர் எழுதிய அறிக்கையைப் பார்த்தால் தெரியும். குடியிருக்கிற குடிசையின் அடிமண் கூட அவர்களுக்குச் சொந்தமில்லை. தரிசு நிலத்துக்கு மனுப் போட்டால் மிராசுதார் முன்னுரிமை என்று குறுக்கே வந்து நின்றார். இவன் சொந்த நிலத்தை உழப் போய்விட்டால் எங்கள் நிலத்தை யார் உழுவது? அன்றைக்கே அவர்களுக்கு ஆள் பற்றாக்குறைப் பயம் வந்துவிட்டது. அந்த அறிக்கையின் தொடர்ச்சியாக 1892ல் வந்ததுதான் பஞ்சமி நில ஆணை. பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்று நாம் சொல்லிச் சொல்லி இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறோமே, அந்த நிலம்.

தஞ்சாவூரைப் பாருங்கள். 1960களின் தொடக்கத்தில் தீவிர விவசாய மாவட்டத் திட்டம் அங்கே வந்தது. பாக்கேஜ் புரோகிராம் என்று பெயர். உரம் வந்தது, மருந்து வந்தது, ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் வந்தது. விளைச்சல் ஏறியது. ஏறிய விளைச்சலில் எங்களுக்கும் பங்கு கொடு, அரைப்படி நெல் கூலி கூட்டிக் கொடு என்று கேட்டதற்கு 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரை ஒரு குடிசையில் வைத்து எரித்தார்கள். செத்தவர்களில் பெரும்பாலானவர்கள் பெண்களும் குழந்தைகளும். குற்றம் சாட்டப்பட்ட நிலக்கிழாரை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. அந்த நிலக்கிழார்கள் கூலிக்காரர்களுக்கு எதிராக வைத்திருந்த சங்கத்தின் பெயர் தெரியுமா? நெல் உற்பத்தியாளர் சங்கம். கவனியுங்கள், உற்பத்தியாளர்! நாற்றுப் பறித்து நட்டு அறுத்துப் போரடித்தவர்களின் பிள்ளைகள் குடிசைக்குள் வெந்து கிடந்தார்கள். உற்பத்தியாளர் என்ற பெயர் எரித்தவர்களிடம் இருந்தது. பெயரைப் பிடுங்கியவன் நெல்லையும் பிடுங்கினான், உயிரையும் பிடுங்கினான்.

இந்தப் பெயரை மீட்பதற்குத்தான் நாம் அந்தக் கல்லூரிக்குள் போக வேண்டும் என்கிறேன்.

உள்ளே போனால் என்ன நடக்கிறது? நான் படித்த கல்லூரியில் ஒவ்வொரு மாணவருக்கும் சின்னப் பாத்தி ஒன்று ஒதுக்குவார்கள். நாற்றங்கால் விடுவதிலிருந்து அறுவடை வரைக்கும் அவரே செய்ய வேண்டும். முதல் நாள் சேற்றில் இறங்கும்போது சில பேர் மூக்கைச் சுளிப்பார்கள், சில பேர் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். நம் பிள்ளைகள் இறங்கி வரப்புக் கழித்து அண்டை வெட்டிவிட்டு நிமிர்வார்கள். அப்போது பக்கத்துப் பாத்தியிலிருந்து ஒரு குரல் வரும்: 'மாப்ள, உனக்கு இதெல்லாம் பழக்கந்தானே, எனக்கும் கொஞ்சம் வெட்டிக் குடேன்.' சிநேகமாகத்தான் கேட்பான். நம் பையனும் சிரித்துக்கொண்டே வெட்டிக் கொடுப்பான். நாலு சென்ட் பாத்தியில் பண்ணையும் பண்ணையாளும் திரும்பி வந்துவிடுவார்கள். மார்க் போடும்போது இரண்டு பாத்திக்கும் ஒரே மார்க்.

எழுத்துப் பரீட்சையில் கதை வேறு. வெண்கதிரைப் பார்த்ததும் குருத்துப்பூச்சி உள்ளே போய்விட்டது என்று சொல்லக்கூடிய பெண், அம்மாவோடு வயலுக்குப் போய்ப் போய் அதைக் கற்றுக்கொண்டவள், அதன் லத்தீன் பெயரை ஆங்கிலத்தில் எழுத்துப்பிழையோடு எழுதி மார்க்கை இழக்கிறாள். அந்த வயலையே மிதிக்காதவன் பெயரைச் சரியாக எழுதி வாங்கிவிடுகிறான். லத்தீன் பெயரும் ஆங்கிலமும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேண்டும். கட்டாயம் வேண்டும். விடுதியில் மூத்த மாணவர்கள் உட்கார்ந்து சின்னவர்களுக்கு அதைச் சொல்லித் தர வேண்டும். ஆனால் அவள் அம்மாவிடமிருந்து கொண்டுவந்ததும் அறிவுதான். அதை முதலில் அவளே நம்ப வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இப்போது மரபு விவசாயம், பாரம்பரிய அறிவு என்று நகரத்திலிருந்து வந்து நம் தாத்தாக்களைக் கொண்டாடுகிற ஒரு கூட்டம் இருக்கிறது. ரசாயனத்தின் கேடு பற்றி அவர்கள் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் அவர்கள் பாடுகிற அந்தப் பொற்காலத்தில் நம் தாத்தாவுக்குச் சாட்டையடியும் சாணிப்பாலும்தான் கிடைத்தது. தென்மாவட்டங்களில் கண்மாய்த் தண்ணீரைக் கடைசி வயல்வரை சண்டையில்லாமல் பங்கிட்டவர் நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி என்று அழைக்கப்பட்ட நம் ஆள். எந்த மடையை எப்போது திறப்பது, எத்தனை நாழிகை விடுவது என்பது அவருக்குத்தான் தெரியும். அவர் பாய்ச்சிய தண்ணீரில் ஒரு வயல் அவருடையது இல்லை. இந்த அறிவைப் புகழ்கிறவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அறிவு எங்களுடையது என்றால் நிலம் ஏன் உங்களுடையது? அதற்குமேல் அவர்கள் பாட மாட்டார்கள்.

கடைசி ஆண்டில் கிராமத் தங்கல் உண்டு. மாணவர்கள் ஊர்களுக்குப் போய், முன்னோடி விவசாயி ஒருவரோடு சேர்ந்து பழகிப் படிக்க வேண்டும். முன்னோடி விவசாயி என்றால் யார் என்று இனி நான் சொல்ல வேண்டியதில்லை. ஊர் மக்களைக் கூட்டி வைத்துத் தரையில் கோலப்பொடியால் ஊரின் படத்தை வரைவது அந்தத் தங்கலில் ஒரு வேலை. எங்கள் குழு போன ஊரில் கோயிலுக்கு எதிரே மந்தையில் வரைந்தோம். கோயில், பள்ளிக்கூடம், ரேஷன் கடை, பால் சொசைட்டி, யார் யார் கிணறு, யார் யார் களம் என்று வீடு வீடாக வந்தது. சேரி வந்தபோது பெரியவர் ஒருவர், 'அது அந்தப் பக்கம் காலனி, ஒரு கட்டம் போட்டுக்கங்க தம்பி' என்றார். அத்தனை வீடும் ஒரே கட்டம். அதற்குள் யாருக்கும் கிணறு இல்லை, களம் இல்லை, பெயர் இல்லை. அந்தப் படத்துக்குச் 'சமூக வரைபடம்' என்று தலைப்பு. 2025 ஏப்ரலில் காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாகத் தமிழக முதலமைச்சர் அறிவித்தார். சொல்லை நீக்கட்டும், வரவேற்போம். அந்தக் கட்டத்தை யார் அழிப்பது? கோலப்பொடி யார் கையில் இருக்கிறதோ அவர்தான்.

ஆகவே படிப்பதன் காரணங்களை இப்போது வெளிப்படையாகச் சொல்கிறேன். முதல் காரணம் சோறு. அதில் வெட்கம் ஒன்றுமில்லை. தேர்வாணையம் மூலம் வேளாண்மை அலுவலர், வங்கியில் வேளாண் அலுவலர், விதைச் சான்று, ஆராய்ச்சி, ஆசிரியர் வேலை என்று வழிகள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் நமக்கு 18 விழுக்காடு. அதற்குள் அருந்ததியருக்கு 2009லிருந்து 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2021 சட்டப்படி வேளாண் படிப்பிலும் 7.5 விழுக்காடு. இவை போராடி வந்த இடங்கள். ஒரு இடமும் காலியாகக் கிடக்கக் கூடாது.

இரண்டாவது காரணம் கையெழுத்து. கிராமத்தில் அதிகாரம் என்பது துப்பாக்கியில் மட்டும் இல்லை, பேனாவிலும் இருக்கிறது. மானிய விதை யாருக்கு, சொட்டுநீர் யாருக்கு, வெள்ளச் சேதம் எந்த வயலில் எத்தனை விழுக்காடு, கடன் மனுவில் 'சாகுபடி செய்கிறார்' என்று எழுதுவதா வேண்டாமா, எல்லாம் ஒரு அலுவலரின் கையெழுத்து. வாய்வழிக் குத்தகைக்கு உழுகிற நம் ஆட்கள் அடங்கலில் பெயரில்லாமல், காப்பீடும் இல்லாமல், நெல்லை வேறொருவர் பெயரில் விற்றுக்கொண்டிருக்கிறார்கள். குத்தகையைப் பதிவு செய்ய 1969லேயே சட்டம் வந்துவிட்டது. அதைப் படித்துச் சொல்லக்கூட வயல் வரப்பில் ஒரு ஆள் நமக்கு இல்லை. அந்த ஆளாக நம் பிள்ளை இருக்க வேண்டும்.

மூன்றாவது காரணம் கடை. உரக்கடை, மருந்துக்கடைத் திண்ணையில்தான் பாதிக் கிராம அரசியல் நடக்கிறது. எந்த மருந்து, எவ்வளவு கடன், எந்த வட்டி என்பதைக் கடைக்காரர் சொல்கிறார். 2002லிருந்து வேளாண் பட்டதாரிகளுக்கு மையம் தொடங்கப் பயிற்சியும் வங்கிக் கடனும் தருகிற ஒன்றிய அரசுத் திட்டம் ஒன்று நடந்து வந்திருக்கிறது. பொதுவாக 36 விழுக்காடு என்றிருந்த மானியம் பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் 44 விழுக்காடு என்று வைக்கப்பட்டது. கடை வைப்பது நம் சாதிக்கு மறுக்கப்பட்ட தொழில். அதைக் கைப்பற்றுவதும் ஒரு கலகம்தான்.

நாலாவது காரணம்தான் முக்கியமானது, மற்ற மூன்றும் அதில் போய்ச் சேர வேண்டும். நிலம். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, மக்கள்தொகையில் 16.6 விழுக்காடு இருக்கிற நம் கையில் இந்தியாவின் சாகுபடி நிலத்தில் 9 விழுக்காடு அளவுக்குத்தான் இருக்கிறது. இது மாறாமல் பட்டம் மட்டும் ஏறினால் என்ன ஆகும்? அமெரிக்கக் கறுப்பர்களின் அனுபவத்தைப் பாருங்கள். 1881ல் டஸ்கீஜியில் கல்விக்கூடம் கட்டினார்கள். கார்வர் என்ற மாபெரும் விஞ்ஞானி 1896ல் அங்கே வந்து நிலக்கடலையையும் சர்க்கரைவள்ளியையும் ஆராய்ந்து, வண்டி கட்டி ஏழைக் கறுப்பு விவசாயிகளின் வாசலுக்கே அறிவைக் கொண்டுபோக வழி செய்தார். 1920ல் அங்கே 9 லட்சத்துக்கும் அதிகமான கறுப்பு விவசாயிகள் இருந்தார்கள். அந்த நூற்றாண்டு முடியும்போது 20 ஆயிரத்துக்கும் கீழே. அறிவு இருந்தது, கல்லூரி இருந்தது. கடன் கொடுக்கிற அலுவலகம் வெள்ளையர் கையில் இருந்தது. அரசு விவசாயத் துறையே கடன் தருவதில் பாகுபாடு காட்டியது என்று அவர்கள் வழக்குப் போட்டு 1999ல் நட்டஈட்டு உடன்பாடு வாங்கினார்கள். அதற்குள் நிலம் போய்விட்டது.

அம்பேத்கர் இதை முன்கூட்டியே பார்த்தவர். 1918லேயே சிறு நில உடைமைகள் பற்றிப் பொருளாதாரக் கட்டுரை எழுதியவர். 1947ல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' அறிக்கையில் விவசாயத்தை அரசுத் தொழிலாக்கு, நிலத்தைச் சாதி பார்க்காமல் கூட்டுப் பண்ணையாக ஊராரிடம் கொடு, நிலப்பிரபுவும் வேண்டாம், நிலமற்ற கூலியும் வேண்டாம் என்று கேட்டவர். நம் வேளாண் மாணவர்கள் மண்ணியல் பாடத்தோடு சேர்த்து அந்த அறிக்கையையும் படிக்க வேண்டும்.

செய்ய வேண்டியது என்ன? ஒன்று சொல்கிறேன். கிராமத் தங்கலுக்குப் போகிற நம் மாணவர்கள் இரண்டாவது படம் ஒன்றைச் சேரியில் உட்கார்ந்து வரையட்டும். வளங்களைக் கணக்கெடுக்க உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சர்வே எண் படிக்கத் தெரியும், 'அ' பதிவேடு என்றால் என்னவென்று தெரியும், மண்ணைப் பார்த்து நஞ்சை புஞ்சை சொல்லத் தெரியும். அந்த ஊரில் பஞ்சமி நிலம் எது, இப்போது யார் கையில் இருக்கிறது, அதில் என்ன விளைகிறது என்று கிழவர்களிடம் கேட்டு எழுதுங்கள். பதிவேட்டோடு ஒத்துப் பாருங்கள். முதல் பத்து வருசம் யாருக்கும் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் தாழ்த்தப்பட்டவரைத் தவிர வேறு யாருக்கும் விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்த நிலம் எப்படிக் கைமாறியது என்று கேளுங்கள். 1994 அக்டோபர் 10ல், கரணை பஞ்சமி நிலத்துக்காகச் செங்கல்பட்டில் திரண்டபோது போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிர்விட்டார்கள். அவர்கள் உயிர் கொடுத்து எழுப்பிய கேள்விக்கு ஆதாரம் சேர்க்கிற வேலையை வேளாண் மாணவனைவிட நன்றாக யார் செய்ய முடியும்? 2023லிருந்து நம் பெண்கள் பெயரில் நிலம் வாங்கத் தாட்கோ மூலம் நன்னிலம் என்ற திட்டத்தில் பாதித் தொகை, அதிகபட்சம் 5 லட்சம் வரை மானியம் என்று அறிவித்தார்கள். எந்த நிலம் நல்ல நிலம், எதில் தண்ணீர் இருக்கிறது, எதைக் களர் நிலம் என்று ஒதுக்க வேண்டும் என்று அந்தப் பெண்ணோடு போய் நின்று பார்த்துச் சொல்கிற பட்டதாரி நமக்கு வேண்டும். இல்லாவிட்டால் ஊர்க்காரன் தள்ளிவிட நினைக்கிற உப்புமண்ணை மானியத்தோடு சேர்த்து நம் தலையில் கட்டிவிடுவான்.

கல்லூரிக்குள்ளேயும் வேலை இருக்கிறது. கூலி, குத்தகை, நில உறவு, சாதி ஆகியவை வேளாண் விரிவாக்கத்தின் பாடமாக வர வேண்டும் என்று கேளுங்கள். மருந்தடிக்கிற தொழிலாளியின் உடல்நலத்தை ஆய்வுத் தலைப்பாக எடுங்கள். பெண் நாளைச் சுருக்குகிற கணக்கை வகுப்பில் எழுந்து மறுத்துப் பேசுங்கள். 'ஆள் பற்றாக்குறை' என்று எழுதச் சொன்னால் 'நியாயக் கூலிப் பற்றாக்குறை' என்று எழுதுங்கள். ஒரு மார்க் போகும். போகட்டும். அடுத்தவன் பாத்திக்கு அண்டை வெட்டாதீர்கள். வெட்டக் கற்றுக் கொடுங்கள், அவன் கை கொப்பளிக்கட்டும்.

சேற்றை விட்டு ஓடச் சொன்ன அப்பனுக்கும் ஆத்தாளுக்கும் நாம் சொல்ல வேண்டிய பதில் இதுதான்: கூலிக்குச் சேற்றில் இறங்க நாங்கள் திரும்பி வரவில்லை. சேறும் வரப்பும் மடையும் விளைச்சலும் யார் பேரில் இருக்கிறது என்று பதிவேட்டைப் பிரித்துப் படிக்க வந்திருக்கிறோம். உங்கள் பேரை அதில் எழுதாமல் நாங்கள் மூட மாட்டோம்.